ரிம் வளர, ரப்பர் மெலியும்

பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் எக்ஸ்5 1999இல் அறிமுகமானது. அந்த முதல் தலைமுறையின் ஆறு சிலிண்டர் வண்டிகள் 17 அங்குல வீல்களில் நின்றன. டயர் அளவு 235/65 ஆர் 17. 2018இல் வந்த நான்காம் தலைமுறைக்கு நிறுவனமே 22 அங்குலம் வரை வீல் தருகிறது. இருபதே ஆண்டில் ரிம்மின் விட்டம் ஐந்து அங்குலம், அதாவது 127 மில்லிமீட்டர் கூடிவிட்டது. ஆனால் டயரோடு சேர்த்து முழுச் சக்கரத்தின் விட்டத்தை அளந்தால் அன்றைக்கு ஏறத்தாழ 737 மி.மீ., இன்றைக்கு 750 மி.மீ. அளவில் இருக்கிறது. மொத்தச் சக்கரம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வளரவில்லை. உள்ளே உலோகம் வளர வளர, வெளியே ரப்பர் ஒடுங்கியது. முதல் தலைமுறையில் 153 மி.மீ. உயரம் இருந்த டயரின் பக்கச்சுவர், 22 அங்குல வீலின் பின் டயரில் 94.5 மி.மீ. ஆகிவிட்டது. சொகுசு எஸ்.யூ.வி.க்குப் பெரிய வீல் மாட்டுவதில் வரும் லாபமும் நட்டமும் ஏறக்குறைய முழுதுமே இந்த 58 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கின்றன.

இப்படி மாறியது எக்ஸ்5 மட்டும் அல்ல. 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர் 16 அங்குல இரும்பு வீல்களில் ஓடியது. 2021இல் காட்டப்பட்ட ஐந்தாம் தலைமுறைக்கு 23 அங்குல வீல் உண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் தோற்றம்தான். எஸ்.யூ.வி.யின் உடல் உயரமானது. கதவுகள் அகன்ற தகடுகள். அதன் அடியில் சிறிய வீல் இருந்தால் வண்டி பொம்மைக் காலில் நிற்பதுபோலத் தெரியும் என்று வடிவமைப்பாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே வரைபடத்திலேயே பெரிய வீலை வைத்து வரைகிறார்கள், விளம்பரப் படத்திலும் அதே வீல். வாங்குபவர் விலை குறைந்த வகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், படத்தில் பார்த்த வண்டிக்கும் வாசலில் நிற்கும் வண்டிக்கும் வித்தியாசம் உறுத்துகிறது. டயர் கடையில் ‘அப்சைஸ்’ என்று கேட்கும் பேச்சு அங்கே தொடங்குகிறது. பிரேக் ஒரு துணைக் காரணம். வேகமும் எடையும் கூடிய வண்டிகளுக்குப் பெரிய பிரேக் டிஸ்க் வேண்டும், அதை உள்ளடக்கப் பெரிய ரிம் வேண்டும். எக்ஸ்5 எம் போன்ற அதிவேக வகைகளுக்கு இது உண்மையான தேவை. சாதாரண டீசல் எக்ஸ்5க்கு 19 அங்குல வீலுக்குள்ளேயே பிரேக் இடித்துக்கொள்ளாமல் அமர்ந்துவிடுகிறது.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிது. நான்காம் தலைமுறை எக்ஸ்5இன் 19 அங்குல டயரில் 265/50 ஆர் 19 110 டபிள்யூ என்று இருக்கும். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் அல்ல. அகலத்தில் நூற்றுக்கு 50 பங்கு. ஆக உயரம் 132.5 மி.மீ. ஆர் என்பது ரேடியல் வகை. 19 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் ஒரே வரியில் கலந்து கிடப்பதால்தான் இந்த எண் இத்தனை பேரைக் குழப்புகிறது. 110 என்பது சுமைக் குறியீடு: அந்த டயர் உரிய காற்றழுத்தத்தில் 1,060 கிலோ தாங்கும். டபிள்யூ என்பது வேகக் குறியீடு, மணிக்கு 270 கி.மீ. வரை.

மொத்த விட்டத்தைக் கண்டுபிடிக்க, பக்கச்சுவரின் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம்மின் விட்டத்தோடு கூட்டினால் போதும். 132.5இன் இரு மடங்கு 265. 19 அங்குலம் 482.6 மி.மீ.; ஆக 747.6 மி.மீ. இதே வண்டிக்கு நிறுவனம் தரும் 21 அங்குல வீலில் முன் டயர் 275/40 ஆர் 21. அதன் விட்டம் 753.4 மி.மீ. பின் டயர் 315/35 ஆர் 21, விட்டம் 753.9 மி.மீ. 22 அங்குலத்தில் முன்னால் 275/35, பின்னால் 315/30. விட்டம் முறையே 751.3, 747.8 மி.மீ. ரிம் மூன்று அங்குலம் மாறினாலும் மொத்தச் சக்கரம் ஆறேழு மில்லிமீட்டருக்குள்தான் ஏறி இறங்குகிறது. வீலைப் பெரிதாக்கும்போது டயரின் விழுக்காட்டை அதற்கேற்பக் குறைத்து மொத்த விட்டத்தைக் காப்பாற்றுவதே இந்த மாற்றத்தின் அடிப்படை விதி. மூன்று விழுக்காட்டுக்கு மேல் விட்டம் விலகக் கூடாது என்பது டயர்த் தொழிலில் பரவலாகப் பின்பற்றும் எல்லை.

நடுவில் இருக்கும் எண்ணைக் கவனிக்காமல் கடைசி எண்ணை மட்டும் மாற்றினால் என்னாகும்? 265/50 ஆர் 19 இருந்த இடத்தில் 265/50 ஆர் 20 போட்டால் விட்டம் 773 மி.மீ. ஆகிவிடும், 3.4 விழுக்காடு கூடுதல். ஒரு சுற்றுக்குச் சக்கரம் கடக்கும் தூரம் அதே அளவு கூடும். ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. அதற்கு டயர் மாறியது தெரியாது. வண்டி உண்மையில் ஓடும் வேகம் முள் காட்டுவதைவிட நகர்ந்து மேலே போகும். ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி அமைக்கிறார்கள். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடும். ஓடிய தூரக் கணக்கும் குறைவாகப் பதியும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதோ நாலு பேரோடு வேகத்தடையில் இறங்கும்போதோ டயர் வீல் ஆர்ச்சில் உரசவும் வாய்ப்புண்டு.

இங்கே இரண்டு வேறு ஆசைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய வீல் வேண்டும் என்பது ஒன்று. பெரிய டயர் வேண்டும் என்பது இன்னொன்று. முன்னது தார்ச்சாலை அழகுக்கானது. பின்னது மண்ணிலும் பாறையிலும் மணலிலும் போகிறவர்களுக்கானது. லேண்ட் குரூசர், மெர்சிடிஸ் ஜி வாகனம், டிஃபெண்டர் ஆகியவற்றை மெய்யாகவே காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்கள் பலமுறை சிறிய ரிம்முக்கு இறங்கி, உயரமான பக்கச்சுவர் கொண்ட டயரைப் போடுகிறார்கள். காற்றைக் குறைத்துவிட்டால் அந்த டயர் கல்லின்மேல் வளைந்து படியும். 22 அங்குல வீலால் இது முடியாது. பெரிய வீல் போட்டால் வண்டி உயரும், அடி தட்டாது என்ற நம்பிக்கையும் தவறு. அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி டயரின் மொத்த விட்டத்தைப் பொறுத்தது, அதிலும் விட்டம் கூடியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். மொத்த விட்டம் மாறாத வரை 19 அங்குல எக்ஸ்5உம் 22 அங்குல எக்ஸ்5உம் ஒரே உயரத்தில்தான் நிற்கும்.

இனி பக்கச்சுவர். டயர் என்பது அடிப்படையில் காற்றடைத்த ஸ்பிரிங். சாலையின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களை ஷாக் அப்சார்பரும் ஏர் சஸ்பென்ஷனும் அறியும் முன்பே பக்கச்சுவர் வளைந்து உள்வாங்கிக்கொள்கிறது. சொகுசு வண்டியின் சொகுசில் பெரும்பங்கு விலையுயர்ந்த சஸ்பென்ஷனில் இருக்கிறது என்று நினைப்பவர்கள், அதே வண்டியை 19 அங்குல டயரிலும் 22 அங்குல டயரிலும் ஒரே தெருவில் ஓட்டிப் பார்த்தால் டயரின் பங்கு எவ்வளவு என்று உணர்வார்கள். தார் ஒட்டுப்போட்ட இடம், பாலத்தின் இணைப்பு, மேன்ஹோல் மூடி எல்லாம் தனித்தனியாக இருக்கைக்கு வந்து சேரும்.

குழியில் இறங்கும்போது நடப்பது இன்னும் முக்கியம். குழியின் மறுபக்க விளிம்பில் சக்கரம் மோதும் நொடியில், விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே டயர் நசுங்குகிறது. பக்கச்சுவர் உயரமாக இருந்தால் நசுங்கிவர இடம் உண்டு. மோதலின் ஆற்றல் காற்றிலும் ரப்பரிலும் கரையும். குட்டையாக இருந்தால் டயரின் உட்பக்கங்கள் ஒன்றோடொன்று மோதி, உள்ளிருக்கும் நூலிழைகள் ரிம்மின் விளிம்பில் அறுபடும். டயர் உடனே வெடிக்க வேண்டுமென்பதில்லை. சில நாள் கழித்துப் பக்கச்சுவரில் ஒரு முட்டைபோலப் புடைத்து நிற்கும். இழை அறுந்த இடத்தில் ரப்பர் மட்டும் காற்றைப் பிடித்து நிற்பதன் அடையாளம் அது. அந்த டயரை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை, மாற்றியே ஆக வேண்டும். அதே அடியில் ரிம் வளையலாம், அல்லது உட்புற விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்டு மெல்லக் காற்று கசியலாம். இந்தியாவில் விற்கும் எக்ஸ்5 செங்கல்பட்டு மாவட்டத்து மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பி.எம்.டபிள்யூ. ஆலையில் பூட்டப்படுகிறது. ஆலை வாசலைத் தாண்டியதும் அது சந்திக்கும் சாலைகள் ஜெர்மன் ஆட்டோபான் அல்ல. மழைக்காலத்தில் நீர் நிரம்பிய குழியின் ஆழம் ஓட்டுநருக்குத் தெரியாது. பெயின்ட் அடிக்காத வேகத்தடை இரவில் கண்ணில் படாது. இந்த நிலைமையில் பக்கச்சுவரின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காசுள்ள பொருள்.

எதிர்ப்பக்கத்தில் கிடைக்கும் பலனும் உண்மையானதே. குட்டையான, விறைப்பான பக்கச்சுவர் திருப்பத்தில் குறைவாகவே வளையும். ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையிலான சின்னத் தாமதம் குறையும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள உயரமான வண்டிக்கு இது சாதாரண நன்மை அல்ல. மலைப்பாதையில் வேகமாக வளைந்து ஏறும்போது வண்டி ஒரே துண்டாக நகர்வதுபோல இருக்கும். அகலமான பின் டயர் காய்ந்த சாலையில் நல்ல பிடி தரும். வேகமாக ஓட்டுவதில் ஈடுபாடும் நல்ல சாலையும் வாய்த்தவர்களுக்கு 21 அங்குலம் பொருளுள்ள தேர்வு.

மழையில் கணக்கு மாறிவிடுகிறது. அகலமான டயர் தன் முன்னால் வரும் தண்ணீரை அதிக அகலத்துக்கு ஒதுக்கித் தள்ள வேண்டும். ஒதுக்க முடியாதபோது டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், பிரேக் வேலை செய்யாது. ட்ரெட், அதாவது டயர் முகத்தின் வரிப்பள்ளம், தேய்ந்த அகலமான டயர் இந்த ஆபத்தை இரட்டிப்பாக்கும். இந்தியச் சட்டம் கார்களுக்கு ட்ரெட்டின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது. 315 மி.மீ. அகல டயரை அந்த எல்லைவரை ஓட்டுவது வடகிழக்குப் பருவமழையில் புத்திசாலித்தனம் அல்ல, 3 மி.மீ.க்கு வரும்போதே மாற்றிவிடுவது நல்லது. அகல டயரின் இரைச்சலும் கூடுதல்.

எடை அடுத்த பேச்சு. வண்டியின் உடல் ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கிறது. வீல், டயர், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கின்றன. கீழே இருக்கும் எடை கூடக் கூட, மேட்டில் ஏறிய சக்கரத்தை உடனே கீழே இறக்கிச் சாலையோடு ஒட்டவைக்க ஷாக் அப்சார்பர் அதிகம் திணறும். அதோடு சக்கரம் சுழலும் பொருள். அதன் எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு ஆற்றல் அதைச் சுழலவைக்கவும் நிறுத்தவும் வேண்டும். தூரம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பெரிய ரிம்மில் உலோக வளையம் வெளிப்பக்கமாக நகர்ந்துவிடுவதால் எடை மாறாவிட்டாலும் சுழற்றும் சுமை கூடும். அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் 2010இல் ஒரே ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரில் 15 முதல் 19 அங்குலம் வரையிலான வீல்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தது. 15இலிருந்து 19க்குப் போனபோது எரிபொருள் சிக்கனம் சுமார் 10 விழுக்காடு குறைந்தது, வேகமெடுக்கும் நேரமும் நீண்டது. கோல்ஃப் சிறிய கார். எக்ஸ்5க்கு அதே எண்ணை அப்படியே பொருத்த முடியாது. திசை ஒன்றுதான்.

கடைகளில் அதிகம் பேசப்படாதது சுமைக் குறியீடு. வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளிருக்கும் காற்று. பக்கச்சுவர் குறையும்போது காற்றின் கொள்ளளவும் குறைகிறது. எக்ஸ்5இன் 19 அங்குல டயர் ஒவ்வொன்றும் 1,060 கிலோ தாங்கும். நான்கும் சேர்ந்து 4,240 கிலோ. 22 அங்குலத்தில் முன் டயரின் குறியீடு 104, அதாவது 900 கிலோ. பின் டயருக்கு 107, அதாவது 975 கிலோ. நான்கும் சேர்ந்து 3,750 கிலோ. ஆட்களும் பெட்டிகளும் நிரம்பிய எக்ஸ்5க்கு அதுவும் போதும் என்று கணக்கிட்டுத்தான் நிறுவனம் அனுமதித்திருக்கிறது. கையிருப்பு குறைந்துவிட்டது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதிலும் இவை கூடுதல் சுமை வகை டயர்கள், ‘எக்ஸ்.எல்.’ என்ற குறி இருக்கும். இவற்றின் முழுத் தாங்குதிறன் 2.9 பார், அதாவது 42 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில்தான் கிடைக்கும். எல்லாக் காருக்கும் 32 அடிக்கும் பெட்ரோல் பங்க் வழக்கம் இங்கே உதவாது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் ஒவ்வொரு டயர் அளவுக்கும், ஆள் எண்ணிக்கைக்கும் ஏற்ற அழுத்தம் அச்சிட்டிருக்கும், அதுவே கணக்கு. அளவு பொருந்தியது என்பதற்காகக் குறைந்த சுமைக் குறியீடுள்ள மலிவு டயரைப் போடுவது இந்த மாற்றத்தில் செய்யக்கூடிய மிக ஆபத்தான சிக்கனம். டயர் சூடாகி, நெடுஞ்சாலையில், முழுச் சுமையில், கோடை வெயிலில்தான் அது பழிவாங்கும்.

நாலு சக்கரமும் இயங்கும் வண்டிகளுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. எக்ஸ்5இன் எக்ஸ்டிரைவ் அமைப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே தகடுகள் அடுக்கிய கிளட்ச் ஒன்று விசையைப் பகிர்கிறது. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும் என்ற அனுமானத்தில் அது வேலை செய்கிறது. நிறுவனம் தரும் டயர் ஜோடிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் விட்ட வித்தியாசம் அரை விழுக்காட்டுக்குள் இருப்பது தற்செயல் அல்ல. இந்த இணக்கம் கெட்டால் நேர்ச்சாலையிலும் கிளட்ச் ஓயாமல் சறுக்கிச் சூடாகும்; அந்த கிளட்ச் அடங்கிய டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாவது வரை போகும். முன்னால் ஒரு கம்பெனி டயரும் பின்னால் வேறு கம்பெனி டயரும் போடுவது, இரண்டு டயர் மட்டும் புதிதாக மாற்றுவது ஆகியவை இதனால்தான் இவ்வகை வண்டிகளில் பிரச்சினையாகின்றன. முன்னும் பின்னும் அகலம் வேறுபடும் 20 அங்குலத்துக்கு மேற்பட்ட ஜோடிகளில் டயரை முன்பின் மாற்றிப் போடவும் முடியாது. 19 அங்குலத்தில் நாலும் ஒரே அளவு. மாற்றி மாற்றிப் போட்டுச் சீராகத் தேய்க்கலாம். செலவுக் கணக்கில் இது பெரிய வித்தியாசம்.

ஐரோப்பிய நிறுவனங்கள் தங்கள் வண்டிக்காகவே சோதித்து ஏற்ற டயர்களில் ஒரு குறி இருக்கும். பி.எம்.டபிள்யூ.வுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்.ஓ., போர்ஷேக்கு என் எழுத்தோடு ஓர் எண், ஆடிக்கு ஏ.ஓ. ஒரே கம்பெனியின் ஒரே அளவு டயரிலும் குறியுள்ளதும் இல்லாததும் உள்ளமைப்பில் வேறுபடலாம். குறி இல்லாத டயர் கெட்ட டயர் என்று பொருள் அல்ல. ஆனாலும் நாலு சக்கர இயக்கம் கொண்ட வண்டிக்குக் குறியுள்ளதைத் தேடிப் போடுவதில் நியாயம் உண்டு. பல பி.எம்.டபிள்யூ. வண்டிகளில் வரும் ரன்ஃபிளாட் டயர் காற்று முழுதும் இறங்கிய பிறகும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம்வரை ஓடும், அதற்காகவே அதன் பக்கச்சுவர் தடிப்பாகவும் விறைப்பாகவும் செய்யப்படுகிறது. சாதாரண டயருக்கு மாறினால் பயணம் மென்மையாகும், ஆனால் ஸ்டெப்னிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் சரிசெய்யும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று இந்திய அரசு 2020 ஜூலையில் விதியைத் தளர்த்தியது. பக்கச்சுவர் கிழிந்தால் அந்த கிட் ஒன்றும் செய்யாது என்பதையும், குட்டையான டயர் கிழிவது பெரும்பாலும் அங்கேதான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வீல் வண்டியில் பொருந்துமா என்பது தனிப் பாடம். போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் முதலில் ஒத்துப்போக வேண்டும். நான்காம் தலைமுறை எக்ஸ்5க்கு ஐந்து போல்ட், 112 மி.மீ. அதற்கு முந்தைய தலைமுறைக்கு ஐந்து போல்ட், 120 மி.மீ. பெயர் ஒன்று, வண்டி ஒன்று என்று பழைய எக்ஸ்5இன் வீலை வாங்கியவருக்கு அது புதியதில் ஏறாது. போர்ஷே கேயென்னுக்கு 130, லேண்ட் குரூசர் 200க்கு 150. அடுத்து நடுத்துளை. ஹப்பின் நடுவிலுள்ள மேட்டு வளையம்தான் வீலை மையத்தில் பிடித்துவைக்கிறது. வெளிச் சந்தை வீல்களில் நடுத்துளை பெரிதாக இருக்கும். சரியான அளவு வளையம் செருகாமல் மாட்டினால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் ஸ்டியரிங் அதிரும். போல்ட்டின் அமர்விடமும் ஒத்துப்போக வேண்டும்: பி.எம்.டபிள்யூ.வுக்குக் கூம்பு வடிவம்; மெர்சிடிஸ், போர்ஷே, ஆடிக்கு உருண்டை வடிவம். கூம்பு போல்ட்டை உருண்டைக் குழியில் முறுக்கினால் இறுகியதுபோலத் தெரியும், உண்மையில் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு. வீலின் உட்புறத்தில் ‘ஈ.டி.’ என்று பொறித்திருக்கும். இந்த எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும். பார்ப்பதற்கு வண்டி அகலமாகத் தெரியும் என்பதால் இதை விரும்புபவர்கள் பலர். ஆனால் வீல் வெளியே நகர நகர பேரிங்கின் மேல் நெம்புகோல்போலச் சுமை ஏறுகிறது. ஸ்டியரிங் சாலையின் ஒவ்வொரு கோட்டையும் பிடித்து இழுக்கும். டயர் வாரியிறைக்கும் கல்லும் சேறும் கதவில் படும். ஸ்பேசர் வைத்து இதே தோற்றத்தை வரவழைப்பதும் ஒன்றுதான். போல்ட்டின் நீளத்தையும் சேர்த்து மாற்றாவிட்டால் மரையில் போதிய பிடி இருக்காது.

வீல் எப்படிச் செய்யப்பட்டது என்பதும் விலையில் தெரியும். உருக்கிய அலுமினியக் கலவையை அச்சில் வார்ப்பது ஒரு வகை. பெரும்பாலான அலாய் வீல்கள் இப்படித்தான் வருகின்றன. வார்த்த பிறகு ரிம்மின் பகுதியை மட்டும் சூட்டில் உருட்டி இழுத்து மெலிதாக்கி வலுவூட்டுவது இன்னொரு வகை. திட அலுமினியக் கட்டியைப் பல ஆயிரம் டன் அழுத்தத்தில் நசுக்கி, பிறகு கடைந்து செதுக்குவது ஃபோர்ஜ்டு வீல். ஒரே வலுவுக்கு இதன் எடை குறைவு, விலை அதிகம். 21, 22 அங்குலத்துக்குப் போகிறவருக்கு எடைத் தண்டனையைக் குறைக்க இதுதான் நேர்மையான வழி. ஜப்பானியத் தரத்தின் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகள், ஜெர்மனியின் டி.யூ.வி. சான்று, ஒரு வீல் எவ்வளவு கிலோ தாங்கும் என்ற பொறிப்பு ஆகியவை வீலின் பின்பக்கம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிரபல வடிவங்களின் நகல் வீல்கள் சந்தையில் தாராளம். செடானுக்கென்று செய்த நகலை இரண்டு டன் எஸ்.யூ.வி.யில் மாட்டுவதை எந்தக் கடைக்காரரும் செய்யக் கூடாது, எந்த உரிமையாளரும் கேட்கக் கூடாது. கீறல் விட்ட அலாய் வீலை வெல்டிங் வைத்து ஓட்டுவதும் அப்படித்தான். வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகத்தின் பதம் போய்விடும். அடுத்த குழியில் அது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது.

சட்டம் இதில் கறாரானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. தயாரிப்பாளரே அந்த வண்டிக்கு அனுமதித்த அளவுகளுக்குள் மாறுகிறவருக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. அதற்கு வெளியே போகிறவர் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தோடும், சஸ்பென்ஷன் பழுதானால் வாரன்டியோடும் வாதாட வேண்டியிருக்கும். மாற்றம் எதுவானாலும் பாலிசியில் பதிந்துவிடுவது நல்லது. விலையுயர்ந்த வீல் திருடு போனால் அந்தப் பதிவுதான் இழப்பீடு பெற்றுத் தரும்.

டயர் கிடைப்பது இன்னொரு தடை. 2020 ஜூன் 12இல் இந்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. உரிமம் பெற்றுத்தான் கொண்டுவர முடியும். எம்.ஆர்.எஃப். தலைமையகமே சென்னையில் இருந்தும், ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் டயர் ஆலைகள் இருந்தும், 315/30 ஆர் 22 போன்ற அரிய அளவு பக்கத்துக் கடையில் கிடைத்துவிடாது. திருநெல்வேலிக்குப் போகும் வழியில் பின் டயர் கிழிந்தால், அதே அளவும் அதே குறியும் கொண்ட டயர் வந்து சேரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். 22 அங்குலத்துக்கு ஆசைப்படுகிறவர் வீலை விலை பேசும் முன், அந்த டயர் இப்போது எந்த ஊரில் கையிருப்பில் இருக்கிறது என்று நாலு கடைகளுக்குப் போன் செய்து கேட்பது முதல் வேலை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் நம் சாலைகளுக்கு ஒரு வரம்பு தெளிவாகத் தெரிகிறது. 19இலிருந்து 20 அங்குலத்துக்கு ஏறினால் பக்கச்சுவரில் இழப்பது 10 மி.மீ. அளவு, தோற்றம் கண்கூடாக மாறும், பயணம் பெரிதாகக் கெடாது. 21இல் பக்கச்சுவர் 110 மி.மீ.; பெரும்பாலும் நல்ல நெடுஞ்சாலையில் ஓடும், ஓட்டுநர் கவனமான வண்டிக்கு ஏற்கலாம். 22இல் அது 100க்குக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டியை, தினமும் நகரத் தெருக்களில், ஓட்டுநர் மாறி மாறி ஓட்டும் வீட்டுக்கு அந்த அளவைப் பரிந்துரைக்க நியாயமே இல்லை. ஏற்கெனவே 21 அங்குலத்தோடு வந்த வண்டியை வாங்கி, முதுகுவலியோடும் அடிக்கடி டயர்ச் செலவோடும் தவிப்பவர்கள் 19க்கு இறங்குவதையும் யோசிக்கலாம். பிரேக் காலிப்பர் உள்ளே அமருகிறதா என்று மட்டும் முன்கூட்டிச் சரிபார்க்க வேண்டும்.

மாற்றிய பிறகும் சில வேலைகள் உண்டு. எக்ஸ்5இன் வீல் போல்ட்டுக்கு 140 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும்; அதை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும், காற்றுத் துப்பாக்கியின் இஷ்டத்துக்கு விடக் கூடாது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும், புது வீல் ஹப்போடு படிந்து உட்காரும்போது இறுக்கம் தளரக்கூடும். அலைன்மென்ட் பார்த்து, டயர் அழுத்தக் கண்காணிப்பைப் புது அளவுக்கு ஏற்ப மீட்டமைக்க வேண்டும். டயர் வாங்கும்போது அதன் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத் தேதிக் குறியைப் படித்துவிடுவதும் அவசியம்: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. முழுச் சுமையோடு ஒருமுறை ஓட்டி, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை ஒடித்து, வீல் ஆர்ச்சின் உட்புறத்தில் உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய வீல்களை விற்றுவிடாமல், டயரோடு சேர்த்து வெயில் படாத இடத்தில் படுக்கவைத்து அடுக்கி வைக்கலாம். வண்டியைப் பிற்பாடு விற்கும்போது வாங்குபவர் பெரும்பாலும் கம்பெனி வீலைத்தான் கேட்பார். குழியில் ஒரு வீல் போன நாளிலும், வேறு வீல் வந்து சேரும்வரை வண்டியை ஓடவைப்பது அந்தப் பழைய நான்கும்தான்.